நான் சலித்துக் கொடுத்த வெடிமருந்து

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் டயகமப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஐந்தாவது வருஷம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே தூள் சலிக்கிற பகுதியில் எனக்கு வேலை. காய்ந்த தேயிலையைப் பெரிசு, சின்னது, பொடி என்று தரம் பிரிக்க வேண்டும். இயந்திரச் சல்லடை இருந்தாலும் கடைசியில் மனுஷக் கண்தான் முடிவு சொல்லும். ஒரு பிடி தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே அது எந்தச் சல்லடையில் விழுந்தது என்று சொல்லிவிடுவேன். டீமேக்கர் ஐயாவே சில நாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்று சொல்வதுகூடப் பொய். நிறையவே இருந்தது.

என் வீட்டுக்காரர் மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை அது. அந்த வருஷ மழையில் ஒருநாள் கத்தி வழுக்கி அவருடைய குதிகாலுக்கு மேலே நரம்பில் இறங்கிவிட்டது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காயம் ஆறியது, ஆனால் கால் பழைய கால் இல்லை. தட்டையான இடத்தில் நொண்டி நொண்டி நடப்பார். மலை ஏறச் சொன்னால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்.

மலை ஏற முடியாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? பதிவிலிருந்து பெயர் வெட்டி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று, நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஸ்டோர் வேலை இருந்தாலும் அவர் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை. எங்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்து, பாதிப் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அங்கே போனால் யார் வீட்டு வாசலில் நிற்பது என்றுகூடத் தெரியாது. அவர் சரியாகத் தூங்கியே பல நாள் ஆகியிருந்தது.

அந்த நேரத்தில்தான் கண்டாக்கையா, அதாவது வெளிவேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர், ஒரு வழி சொன்னார். தோட்ட மேலாளரான தொரையின் பங்களா மரக்கறித் தோட்டத்தைக் காவல் காத்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். காட்டிலிருந்து ஒரு மரை இறங்கி வந்து கோவா எனும் முட்டைக்கோஸ், கரட், லீக்ஸ் எல்லாவற்றையும் மேய்ந்துகொண்டிருந்தது. மான் இனத்தில் பெரியது மரை. எருமைக்கன்று அளவு இருக்கும்.

"தொரைகிட்ட ஒன்னைய சொல்லி வச்சிருக்கேன். மாசம் முடியிறதுக்குள்ள அந்த மரைய அடிச்சிட்டா காவக்கார வேல ஒனக்குத்தான். இல்லன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, ஆமா" என்று சொல்லி, தோட்டத்துத் துப்பாக்கியையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டி வைத்து, நீளக் கம்பியால் இடிக்க வேண்டும். அதற்கு மேல் ரவை என்கிற சின்ன ஈய மணிகளையோ ஒற்றைக் குண்டையோ போட்டு, மறுபடி நார் வைத்து இடிக்க வேண்டும். அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. அதன் மேல் கேப்பு என்கிற சின்ன உலோக மூடியை மாட்டிவிட்டால், விசையை இழுத்ததும் குதிரை என்கிற சுத்தி வந்து கேப்பில் அடிக்கும், நெருப்பு உள்ளே பாயும். வெறும் குழலில் கம்பியை விட்டால் கம்பியின் நுனி வாயோடு சரியாக நிற்கும். மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்த பிறகு கம்பி வெளியே எத்தனை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நாலு விரல் நின்றால் போதும் என்று யாரோ எப்போதோ சொன்னது அவருக்கு ஞாபகம். அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

முதல் தடவை ரவை போட்டுச் சுட்டார். மரை உடம்பைச் சிலுப்பிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் குண்டு போட்டுப் பார்த்தார். துப்பாக்கி புஸ்ஸென்று இருமியது. குண்டு எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மாதம் முடிய மூன்றே நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். டயகமப் பனியைப் பற்றிக் கேட்க வேண்டுமா? உப்பு கரையும், தீப்பெட்டி நனையும். மருந்து கட்டி கட்டியாக உறைந்து கிடந்தது.

"மருந்து நமுத்துப் போச்சு புள்ள. இனி ஒண்ணும் ஆகாது."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "நமுத்துப்போன தேயில நான் பாத்ததில்லையா? இங்க குடுங்க" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்று அதிசயமாக வெயில் அடித்தது. லயத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சுளகை வைத்து மருந்தைப் பரப்பிக் காய வைத்தேன். அடுப்பைச் சுத்தமாக அணைத்துவிட்டேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. காய்ந்ததும் கட்டிகளை விரலால் நசுக்கி, ஸ்டோரில் கழித்துப் போட்டு என்னிடம் இருந்த ஒரு துண்டுச் சல்லடையில் சலித்தேன். ஒரு பக்கம் மிளகுக்குருணை மாதிரி பெரிய மணிகள், இன்னொரு பக்கம் மெல்லிய பொடி. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. அப்படி ஒரு சுத்தமான தரம் பிரிப்பு.

அவர் வந்து பெரிய மணிகளை எடுக்கப் போனார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"அத ஏன் எடுக்குறீங்க? பொடியிலதாங்க சாயம். பெருந்தூள்ல ரெண்டு கரண்டி போடுற எடத்துல டஸ்ட்டு ஒரு கரண்டி போதும். ஸ்டோர்ல பன்னெண்டு வருஷமா இதத்தான பாக்குறேன்?"

"தேயிலையும் மருந்தும் ஒண்ணா புள்ள?"

"எல்லாம் ஒண்ணுதான். பொடிக்குத்தான் வேகம். போன தடவ வேகம் பத்தலன்னு நீங்கதான சொன்னீங்க? கொஞ்சம் கூடவே போடுங்க."

பாவம், அவர் என் பேச்சை நம்பினார். வீட்டில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு குறைவு, அது வேறு விஷயம். பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளைச் சேர்த்து வைத்து அவரே உருக்கி வார்த்த குண்டு இரண்டு இருந்தது. நெல்லிக்காயை விடச் சின்னதுதான், ஆனால் கையில் வைத்தால் கனம் தெரியும். வழக்கமாகப் போடுவதைப் போல ஒன்றரை மடங்கு பொடி மருந்தைப் போட்டு, துணி சுற்றி அதில் ஒரு குண்டை இறக்கி, நன்றாக இடித்துக் கெட்டித்தார். கம்பி வெளியே ஏழு விரல் நின்றது.

"ஏழு வெரலு நிக்குது" என்று என்னைப் பார்த்தார்.

"நிக்கட்டும். இந்தத் தடவ மரை நிக்காது" என்றேன். என்னுடைய சாமர்த்தியத்தை நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாலு மணிக்குப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். பனி இறங்குகிற ஐந்து மணி வாக்கில்தான் மரை வரும்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் வெற்றிலைக்காரம்மா வந்தார். மலைக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்து ஆள். மாதத்துக்கு ஒரு தடவை கூடையோடு லயத்துக்கு வருவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பெயர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கும் எனக்கும் வருகிற நேரமெல்லாம் சண்டைதான். கட்டுக்குள்ளே வாடின இலையை மறைத்து வைக்கிறார் என்பது என் குற்றச்சாட்டு. அன்றும் கட்டைப் பிரித்து நாலு இலையை வெளியே எடுத்துப் போட்டு, சிங்களத்திலும் தமிழிலுமாக நல்லா கேட்டுவிட்டேன். அவரும் சும்மா இருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையைத் தலைக்குத் தூக்கப் போனவர், சுளகைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதில் பெரிய மணிகள் அப்படியே இருந்தன, பொடியில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தது.

குனிந்து பொடியைத் தொட்டு மோந்து பார்த்தார். "வெடி பெஹெத்?" என்றார். வெடிமருந்தா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இது யாரு போட்டது? மத்த பொடி எங்கே?"

துப்பாக்கியில் போட்டுக்கொண்டு மரை அடிக்கப் போயிருக்கிறார் என்று பெருமையாகவே சொன்னேன். எவ்வளவு போட்டார் என்று கேட்டார். ஏழு விரலை நீட்டிக் காட்டினேன்.

அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்கவே முடியாது. "ஐயோ நங்கி! எப்பா, எப்பா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். தங்கச்சி, வேண்டாம் என்கிறார். "பொடி போட எப்பா! பெரிசுதான் மெதுவா பத்தும். பொடி ஒரே தரமா பத்தும், குழல் தாங்காது. எங்க ஆளு இப்பிடித்தான்…" என்று சொல்லி, வலது கையின் இரண்டு விரல்களை மடக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

பங்களாவுக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஓடினேன். அந்த அம்மா கூடையை இஸ்தோப்பிலேயே போட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தார். பாதி வழியில் என்னை எட்டிப் பிடித்துவிட்டார். தேயிலைச் செடி கிழித்து என் காலெல்லாம் இரத்தம், அது பிறகுதான் தெரிந்தது.

மரக்கறித் தோட்டத்தின் வேலிக்கு வந்து சேர்ந்தபோது பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஐம்பது அடி தள்ளி, ஒரு பாறைக்குப் பின்னால் அவர் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தைத் துப்பாக்கியில் பதித்திருந்தார். கோவாப் பாத்தியில் மரை நின்றது. பக்கவாட்டில் திரும்பி, அசையாமல், சுடு என்று சொல்லாத குறையாக நின்றது.

இதை எழுதத்தான் இவ்வளவு நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. நான் அந்த இடத்தில் கத்தவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கத்தினால் மரை ஓடிவிடும். இன்னும் மூன்றே நாள். இந்த ஒரு சூட்டில் வேலை கிடைத்துவிடும், பெயர் வெட்ட மாட்டார்கள், ஊரை விட்டுப் போக வேண்டாம். இந்தப் பொம்பளை சொல்வது உண்மையாகத்தான் இருக்குமா? ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாமே? ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் இத்தனையும் என் மனதில் ஓடியது. என் புருஷனின் கண்ணையும் கையையும் ஒரு பக்கம் வைத்து, வேலையை இன்னொரு பக்கம் வைத்து நான் எடை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெடி தியன்ன எப்பா!"

சுடாதே என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் பங்களா நாய்கள் எல்லாம் குரைத்தன. மரை ஒரே தாவலில் காட்டுக்குள் போய்விட்டது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. விரலை விசையிலிருந்து எடுத்திருந்தார், அது போதும் எனக்கு.

"யாரு இவங்க? என்னா காரியம் பண்ணீங்க ரெண்டு பேரும்? நின்னுச்சி புள்ள, கைக்கெட்டுற தூரத்துல நின்னுச்சி!" என்று கத்தியவர், சொல்லி முடிக்காமல் அழுதுவிட்டார். அவர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த அம்மா நேரே அவரிடம் போனார். துப்பாக்கியை மெதுவாக வாங்கி, முதலில் கேப்பைக் கழற்றிப் போட்டார். பிறகு குழலின் வாயைக் காட்டுப் பக்கமாகச் சாய்த்து வைத்துச் சுற்றிலும் பார்த்தார். தண்ணீர் இல்லை. தேத்தண்ணிப் போத்தலை எடுத்து, கேப்பு மாட்டுகிற துளை வழியாகவும் வாய் வழியாகவும் ஊற்றினார். ஊற ஊற, கறுப்பாக ஒழுகியது. கம்பியை உள்ளே விட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விரல் வைத்து எண்ணச் சொன்னார். ஏழு. "மரணம்" என்று தமிழிலேயே சொன்னார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சாயங்காலம் அந்த அம்மா தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரமான ஆள், அதிகம் பேசாதவர். வலது கையில் மூன்று விரல்தான். கண்ணுக்குக் கீழே நீலமாக மருந்துத் தழும்பு. தன் வீட்டு மருந்தில் கொஞ்சம் மூங்கில் குழாயில் நனையாமல் அடைத்துக் கொண்டு வந்திருந்தார். குழலில் ஊறிக் கிடந்த மருந்தையும் குண்டையும் கம்பி நுனியில் திருகாணி மாட்டி இழுத்து எடுத்தார். மிச்சமிருந்த என் பொடியை லயத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்துக் கொட்டினார்.

பிறகு ஈயக் குண்டை என் வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைத்தார். அதன் மேல் மருந்தை மெல்லக் கொட்டினார். குண்டு மறைகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தினார். அவ்வளவுதான் ஒரு குண்டுக்கு மருந்து. அவர்கள் கிராமத்தில் எல்லோரும் அளக்கிற முறை அதுவாம். ரவை வேண்டாம் என்றார். ரவை பட்டால் மரை சாகாது, காட்டுக்குள் போய் நாள் கணக்கில் வேதனைப்படும், அது பாவம் என்றார். கெட்டித்துக் கம்பியை விட்டுப் பார்த்தால், நாலு விரல். ஒரு கட்டையில் சாக்குத் துண்டைக் கட்டி நாற்பதடி தூரத்தில் வைத்துச் சுடச் சொன்னார். குண்டு சாக்கின் நடுவில் பாய்ந்து கட்டைக்குள் புதைந்தது. துப்பாக்கி தோளில் உதைத்ததே ஒழிய வேறொன்றும் செய்யவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். காலில் கத்தி பட்ட பிறகு முதல் தடவையாக அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்.

மாதக் கடைசி நாள் விடியற்காலை மரை மறுபடி வந்தது. ஒரே சூடு. நான் லயத்தில் அடுப்படியில் நின்றுகொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பிறகு அவர் நொண்டி நொண்டி வருகிற சத்தம் கேட்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. முழுசாக வந்தார். முதலில் அவருடைய கையைத்தான் பார்த்தேன்.

காவல்காரர் வேலை கிடைத்தது. பதினேழு வருஷம் அதில் இருந்தார். மரை இறைச்சியில் எங்கள் பங்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கீழே அந்தக் கிராமத்துக்கு நடந்தோம். போகும்போது இறக்கம்தான், ஆனால் திரும்பி ஏறும்போது என் வீட்டுக்காரர் நான்கு இடத்தில் உட்கார்ந்து வந்தார். திரும்புவதற்கு முன்னால், அந்த அம்மா வீட்டு வாசலில் வைத்து, எனக்குள்ளே உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கி நான் ஒங்கள அவ்வளவு பேசினேனே. எதுக்கு எனக்காக அப்படி ஓடி வந்தீங்க?"

அவர் வெற்றிலை மென்றுகொண்டே என் கையிலிருந்த சாக்கை வாங்கிக்கொண்டார்.

"எங்க ஆளு சுட்ட அன்னிக்கி, கத்துறதுக்குப் பக்கத்துல யாரும் இல்ல நங்கி" என்றார். பிறகு உள்ளே போய், இறைச்சிக்கு உப்புப் போட ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஏழு விரல் மருந்தில் குழல் வெடித்திருக்குமா, வெடித்திருக்காதா என்று யாருக்கும் தெரியாது. சில நாள் என் மனமே எனக்குச் சமாதானம் சொல்லும், ஒன்றும் ஆகியிருக்காது என்று. நான் அதை நம்புவதில்லை. அறிவில்லாமல் செய்ததை மன்னித்துக்கொள்ளலாம், மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்த பிறகும் வேலிக்கு அருகில் வாயைத் திறந்துகொண்டு நின்றேனே, அதுதான் இன்னும் சுடுகிறது. அந்த வருஷத்துக்குப் பிறகு நானும் பல பேர் விஷயத்தில் குறுக்கே விழுந்து கத்தியிருக்கிறேன். சிலர் திட்டினார்கள், சிலர் பைத்தியம் என்றார்கள். கவலையில்லை. என் வீட்டுக்காரர் தட்டில் சோற்றைப் பிசையும்போது ஐந்து விரலும் அசைவதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும், பெயர் தெரியாத ஒருத்தி எனக்குப் பதிலாக எழுப்பிய அந்தச் சத்தத்துக்கு நான் கடன்பட்டவள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.